பின்கட்டுக்குப் போன லேத்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
2-2-2024

பிள்ளை உலகம்மைக்குப் பெரியப்பன் பூதலிங்கம் சொல்லி எழுதுவது.

பெருமண் பாலத்திலிருந்து ரயில் காயலுக்குள் விழுந்த வருஷம் நீ இந்த வீட்டைவிட்டுப் போனாய், மக்கா. ஆனி மாதம் ரயில் விழுந்தது. ஓணம் கழிந்த மூன்றாம் நாள் உன் அப்பன் தாணு உங்களையும் இரும்பு கடையும் அந்த லேத்தையும் ஒரே லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனான். உனக்கு அஞ்சு வயசு. மஞ்சள் கவுன். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது, மற்றது ஓடையில் போயிருந்தது. அதே ஆனியில்தான் என் மகன் பகவதி போனான். எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் எதையும் மறக்க வழியில்லை.

இங்கே உடம்புக்குக் குறைவில்லை. இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதுப் பக்கம் வந்து கத்தினால் கேட்கும். போன் எனக்கு மரக்கட்டை. நான் சொல்ல எழுதுவது தாசம்மாள். பழவங்காடிக்குப் போகிற வழியில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறாள், நாகர்கோவில்காரி. எழுதி முடித்ததும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்பேன்.

விஷயம் இது. பின்கட்டில் வாடகைக்கு இருந்தவர் காலி செய்துவிட்டார். அது உன் அப்பன் பங்கு. அவன் கொரோனாவில் போனபோது என்னால் வர முடியவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஆணி வியாபாரம் பண்ணும் ஹரிகுமார் கோயம்புத்தூர் போய்வந்து சொன்னான், உன் ஷெட்டை இடிக்கப் போகிறார்கள், லேத்தை வைக்க இடமில்லாமல் நீ அலைகிறாய் என்று. உன் இடம் இங்கே கிடக்கிறது. யோசித்து எழுது.

அம்மை கோமதியம்மாள் சுகமா? அவளைக் கேட்டதாகச் சொல்.

பூதலிங்கம், கைநாட்டு.


கணபதி, கோயம்புத்தூர்
14-2-2024

பெரியப்பாவுக்கு உலகம்மை வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தபோது கையில் கிரீஸ். பிரிக்காமல் சாயங்காலம் வரை வைத்திருந்தேன். முப்பத்தாறு வருஷத்தில் உங்களிடமிருந்து வந்த முதல் கடிதம். கெட்ட சேதியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஹரிகுமார் சொன்னது உண்மை. மே மாதத்துக்குள் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். முதலில் அப்பா, அப்பாவுக்குப் பிறகு நான் என்று அந்த ஒரு லேத்தில்தான் எங்கள் சோறு. பம்ப் ஷாஃப்ட், புஷ் எல்லாம் நானே கடைகிறேன். முதலில் "பொம்பளை கடைஞ்சா சென்டர் நிக்குமா?" என்று கேட்டவர்கள் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் இங்கே வேறு ஷெட் பிடிக்க என்னால் ஆகாது. லேத் ஓட இடம் கிடைத்தால் பிழைப்பேன். இல்லையென்றால் இன்னொருவர் ஷெட்டில் கூலிக்கு நிற்க வேண்டும், அம்மாவை யார் பார்ப்பது?

அம்மாவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கால் இழுக்கிறது. பேச்சு நன்றாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அவரு எதுக்குக் கூப்பிடுகாரு?" என்று கேட்டாள். இடம் நமக்குள்ளதுதானே என்றேன். "போவாண்டாம் மக்கா" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பகவதி அண்ணன் விபத்தில் தவறினார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அப்பா அதைப் பேசியதில்லை.

லேத்தின் அடித்தளமான பெட் ஆறரை அடி. மொத்த நீளம் எட்டரை அடி, ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். பின்கட்டுக்குப் போகும் அந்தச் சந்து வழியாக வருமா? த்ரீ பேஸ் கரண்ட் உண்டா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் போன்ற,
உலகம்மை.


ஆரியசாலை
1-3-2024

பிள்ளை உலகம்மைக்கு.

நாங்கள் சுகம். நாங்கள் என்றால் நானும் ஒரு பூனையும்.

அம்மைக்குப் பக்கவாதம் என்று கேட்டு மனசு நிற்கவில்லை. எந்தக் கால் என்று தாசம்மாளை மறுபடி வாசிக்கச் சொன்னேன். வலது கால். சரி.

இந்தக் கவருக்குள் ஒரு கயிறு வைத்திருக்கிறேன். முதல் முடிச்சு வரை சந்தின் அகலம். நீ போனபோது கைவண்டி போகும். பக்கத்துக் கட்டடக்காரன் மதில் வைத்ததில் இப்போது ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம், கர்ப்பிணி என்றால் அதுவும் இல்லை. இரண்டாம் முடிச்சு வரை என் முன்வாசல் நிலையின் அகலம். மூன்றாம் முடிச்சு வரை, நிலையைக் கழற்றினால் சுவரிலிருந்து சுவருக்கு. உன் லேத்துக்கு மூன்றாம் முடிச்சு வேண்டும்.

அதனால் சந்தை விடு. என் வீட்டு வழியே கொண்டுபோகலாம். நிலையைக் கழற்றுகிறேன். முன்வாசல், கூடம், பின்வாசல், பிறகு உன் முற்றம். பின்வாசல் அகலம்தான்.

எப்படி முடியும் என்று பயப்படாதே, கயிறு கட்டிக் கனம் நகர்த்துவதுதான் ஆயுசு முழுக்க என் தொழில். ஆரியசாலையில் ஒரு கடைக்காரனின் இரும்புப் பெட்டியை மரப்படியில் மூன்றாம் மாடிக்கு ஏற்றியிருக்கிறேன். ஏறிய பிறகுதான் சாவி கீழே கிடந்த சட்டைப் பையில் என்றான். பெருமண்ணில் காயலுக்குள் கிடந்த ரயில் பெட்டிக்குக் கயிறு கட்டப் போனவர்களில் நானும் உண்டு.

கரண்ட் கேட்டாய். என் வாசலுக்கு நேர் எதிரே போஸ்ட். மூன்று பேஸும் ஓடுகிறது.

இன்னொன்று. இது அந்த லேத்துதான், பகவதியின் மேல் சரிந்து கிடந்த லேத். உனக்குத் தெரியாது என்று எழுதியதால் சொல்கிறேன். அதனால் நான் அதை வெறுப்பேன் என்று நினைக்காதே. இரும்புக்கு என்ன தெரியும்? ஓணம் கழிந்து அதை இங்கிருந்து வெளியே எடுத்து லாரியில் ஏற்றிக் கொடுத்ததும் நான்தான்.

பூதலிங்கம், கைநாட்டு.


கணபதி
12-3-2024

பெரியப்பாவுக்கு வணக்கம்.

கயிற்றை டேப்பில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் முடிச்சில் எங்கள் லேத்துக்கு இரு பக்கமும் இரண்டு விரல் மிச்சம். எழுத்து வேண்டாத அளவு எவ்வளவு சரியாக இருக்கிறது!

அண்ணன் இந்த லேத்தின் கீழேதான் போனார் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு நாள் அதை ஓட்டவில்லை. மூன்றாம் நாள் ஆர்டர் கொடுத்தவர் வந்து நின்றார், ஓட்டினேன். நீங்கள் அதை வெறுக்கவில்லை என்று எழுதியதைப் பலமுறை வாசித்தேன். உங்களுக்குப் பெரிய மனசு.

வாசல் நிலையைக் கழற்றுவது சும்மா காரியமா? குடியிருக்கும் வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். "நெலையக் கழத்துகேன்னா சொன்னாரு? அவரா?" என்றாள். பிறகு அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை.

அம்மாவைத் தனியே விட்டு இடம் பார்க்க வர முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மாவை ஒப்படைத்து, லாரியோடு நான் மட்டும் முதலில் வரலாமா? எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு அம்மாவைக் கூட்டிவருகிறேன். தலைப்பக்கத்து ஹெட்ஸ்டாக்கைத் தனியாகக் கழற்றிக் கொண்டுவரட்டுமா? கனம் குறையும்.

உங்களுக்கு வெயில் தாங்குகிறதா? மோர் குடியுங்கள்.

உலகம்மை.


ஆரியசாலை
20-3-2024

பிள்ளை உலகம்மைக்கு.

சுகம். மோர் குடிக்கிறேன்.

ஹெட்ஸ்டாக்கைக் கழற்றாதே. திரும்ப மாட்டினால் நேர் நிற்க ஒரு மாதம் மல்லுக்கட்ட வேண்டும், உனக்குத் தெரியாததா. முழுசாகக் கொண்டுவா. முழுசாக வைத்துத் தருகிறேன்.

அம்மையை விட்டுவிட்டு வராதே. நம் வீட்டுப் பெண்பிள்ளை லாரியில் தனியாக வந்து இறங்கினால் தெருவில் நான்கு வாய் பேசும். அது போகட்டும். நிலையைக் கழற்றும்போது அந்தக் குடும்பத்தின் மூத்த சுமங்கலியோ மூத்த பெண்ணோ விளக்குப் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரி போய் இருபது வருஷம். இந்தக் குடும்பத்தில் மூத்த பெண் என்று இப்போது இருப்பது உன் அம்மை. கால் இழுத்தால் நாற்காலியில் இருந்து பிடிக்கட்டும். அவள் வந்தால் நிலையைக் கழற்றுகிறேன். லேத் மட்டும் வந்தால் லாரி வந்த வழியே போக வேண்டியதுதான்.

எலக்‌ஷன் கழியட்டும். அதுவரை சுமை ஏற்றியிறக்கும் யூனியன் ஆட்கள் கொடியோடு அலைவார்கள். ஏப்ரல் இருபத்தொன்பது வைத்துக்கொள்.

பூதலிங்கம், கைநாட்டு.


கணபதி
10-4-2024

பெரியப்பாவுக்கு வணக்கம். சுகமாக இருப்பீர்கள்.

அம்மா வருகிறாள். எளிதில் சம்மதிக்கவில்லை. கடைசியில் நான் கோபத்தில் கத்திவிட்டேன். "உனக்கு என்னதான் வேணும்? நான் தெருவில நிக்கணுமா?" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு, "ஒனக்கு வேண்டித்தான் வாறேன், கேட்டியா. ஒனக்கு வேண்டி மட்டும்" என்றாள்.

ட்ரில்லிங் மெஷினையும் கிரைண்டரையும் விற்றுவிட்டேன். ஷெட்டின் சாவியை இருபத்தெட்டாம் தேதி ஒப்படைக்கிறேன். திருவனந்தபுரத்தில் வேலை கொடுக்க இரண்டு பம்ப் கடைக்காரர்களிடம் பேசியாயிற்று. ஜூன் முதல் தேதி அவர்களுக்கு முதல் சரக்குக் கொடுக்க வேண்டும். இனி திரும்பிப் பார்க்க எனக்கு இங்கே ஒன்றும் இல்லை.

உலகம்மை.


ஆரியசாலை, பின்கட்டு
6-5-2024

பெரியப்பாவுக்கு உலகம்மை வணங்கி எழுதுவது.

பத்தடி தூரத்திலிருந்து கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. உங்கள் வலது காதில் எவ்வளவு கத்திப் பார்த்தும், "எழுதிக் கொடு மக்கா, தாசம்மாள் வாசிப்பாள்" என்றுதான் சொல்கிறீர்கள். ஆகட்டும். அன்று நன்றி சொல்ல முடியவில்லை, அதையாவது எழுதலாம்.

அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. எழுந்து நிற்கவே கோல் வேண்டிய நீங்கள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விரலாலேயே ஒரு டன்னை நடத்தினீர்கள். விரித்த கை என்றால் தள்ளு, மூடிய கை என்றால் நில். உருளைக் குழாய் பின்னால் கழியக் கழிய முன்னால் போட வேண்டும். கூடத்துத் தூணில் இரண்டு சுற்றுக் கயிறு, அதுதான் பிரேக். யூனியன்காரர்களுக்கு முதலில் உங்கள்மேல் நம்பிக்கை இல்லை. "அப்பூப்பா, இது லேத்தோ ஆனையோ?" என்று ஒருவன். "ஆனையாணெங்கில் பழக்குலை காட்டி விளிக்காமாயிருந்நு" என்று இன்னொருவன், ஆனை என்றால் பழக்குலை காட்டிக் கூப்பிட்டிருக்கலாமாம். நடுக்கூடம் தாண்டியதும் எல்லோரும் உங்கள் விரலையே பார்த்துத் தள்ளினார்கள். சுவரில் ஒரு கீறல் இல்லை. போகும்போது அந்த முதல் ஆள் உங்கள் காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

நான் ஜன்னல் பக்கம் வைக்கலாம் என்றேன். நீங்கள் கோலால் முற்றத்து ஓரத்தில், அடுக்களைப் படிக்கு நேராகக் கோடு போட்டீர்கள். அங்கே ஓடு வேய்ந்திருக்கிறது, வெளிச்சமும் உண்டு. உங்கள் இஷ்டம்போலவே வைத்தாயிற்று. அம்மா மட்டும் அந்தப் படியில் இறங்க மாட்டேன் என்கிறாள். அன்று விளக்குப் பிடித்ததோடு சரி, உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

கடைசியாக ஒரு சின்ன காரியம். த்ரீ பேஸ் இணைப்புக்கு மனுக் கொடுத்தேன். போஸ்ட்டிலிருந்து கம்பி உங்கள் கூரைக்கு மேலே வர வேண்டுமாம். அதற்கு உங்கள் சம்மதப் பத்திரம் கேட்கிறார்கள். தாள் உள்ளே இருக்கிறது. கீழே பென்சிலால் வட்டம் போட்ட இடத்தில் ஒரு கைநாட்டு. ஜூன் ஒன்றாம் தேதி சரக்குக் கொடுக்க வேண்டும், மறக்க வேண்டாம்.

உலகம்மை.


ஆரியசாலை, முன்கட்டு
25-5-2024

பிள்ளை உலகம்மைக்கு.

சுகம். நீயும் அம்மையும் சுகமாக இருப்பது சத்தத்தில் தெரிகிறது. காலையில் பாத்திரம் உருளும்போது தரை வழியாக எனக்குக் கேட்கும்.

இந்தக் கடிதத்தைத் தாசம்மாளிடம் தபாலில் சேர்க்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்தாலும் முறை முறைதான்.

நிலையைத் திரும்ப வைத்தாயிற்று, பார்த்திருப்பாய். பழைய மரம் கறையான் பிடித்திருந்தது. கருங்கல்லில் செய்து, சிமென்ட் போட்டு இறுக்கச் சொன்னேன். பழையதைவிட இரண்டு விரற்கடை அகலம் குறைவு. குடியிருக்கும் வீட்டில் நிலையை ஒரு தரம் கழற்றலாம். இரண்டாம் தரம் கழற்றினால் ஒரு உயிர் போகும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். என் கூரைமேல் கம்பி வேண்டாம். நான் எழுத்தறியாதவன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் விரல் வைப்பதில்லை.

விளக்குக்கும் விசிறிக்கும் என் மீட்டரிலிருந்து வரும் கம்பி இருக்கட்டும். அதில் வேறொன்றும் ஓட்டாதே.

பூதலிங்கம், கைநாட்டு.

(உலகம்மை, தாளில் உள்ளதை நான் மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு எல்லாம் புரியும். – தாசம்மாள்)


ஆரியசாலை, பின்கட்டு
21-6-2024

பெரியப்பாவுக்கு.

நலமாக இருப்பீர்கள். நாங்கள் நலமில்லை.

நான்கு தரம் உங்கள் வாசலில் வந்து நின்றேன். கல் நிலையைத் தாண்டி உள்ளே கூப்பிடவில்லை. எத்தனை கடிதத்தின் கீழே உங்கள் கைநாட்டு இருக்கிறது! எல்லாம் தாசம்மாள் வாசித்துக் காட்டியதை நம்பி வைத்ததுதானே? இந்த ஒரு தாளுக்கு மட்டும் ஏன் பயம்?

பின்பக்கத்துச் சரக்குக் கிட்டங்கிக்காரரின் காலில் விழாத குறை. அவர் மதிலில் கம்பி தொடக் கூடாது என்று முடித்துவிட்டார். ஒற்றை பேஸ் மோட்டார் ஒன்று இரவல் வாங்கி மாட்டினேன். லேத்தின் சக் நான்கு சுற்றுச் சுற்றியது. அதற்குள் ஃபியூஸ் போய்விட்டது. போகவில்லை, நீங்கள் பிடுங்கினீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிடுங்கிய ஃபியூஸை மடியில் வைத்துக்கொண்டு பூனையைத் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

பம்ப் கடைக்காரர்கள் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். மழை. பெட்டில் துரு பூக்கிறது. தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன், மறுநாள் திரும்பப் பூக்கிறது. இங்கே ஓட்ட வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரே ஒரு தரம் நிலையைக் கழற்றித் தாருங்கள், லேத்தை வெளியே எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். பங்கையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா படியைப் பார்த்துவிட்டால் அழுகிறாள். ராத்திரியும் பகலும் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள்.

தாசம்மாள் அக்காவிடம் போய்க் கேட்டேன், அவர் மனசில் என்னதான் இருக்கிறது என்று. "நான் கை, அவரு வாயி. வயித்துல உள்ளது எனக்குத் தெரியாது மோளே" என்றார்.

நீங்கள் கூப்பிட்டுத்தானே வந்தேன்? நான் என்ன தப்புச் செய்தேன்?

உலகம்மை.


ஆரியசாலை, முன்கட்டு
9-7-2024

பிள்ளை உலகம்மைக்குப் பெரியப்பன் சொல்லி எழுதுவது.

எனக்குச் சுகம். அரிசியும் பயறும் மாதம் முதல் தேதி உங்கள் படியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பட்டினி கிடக்க விடமாட்டேன். அம்மைக்கு மருந்து தீர்ந்தால் எழுது, வாங்கி அனுப்புவேன். அவள் ரொம்ப நாள் இருக்க வேண்டும்.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. ஓடையில் செருப்பை விட்டதைத் தவிர நீ இந்த வீட்டில் எதையும் செய்ததில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இதைச் சத்தமாக வாசி. என்னைப்போல் இல்லை, உன் அம்மைக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ரயில் விழுந்த அன்று சாயங்காலமே என்னைப் பெருமண்ணுக்குக் கூட்டிப்போனார்கள். நல்ல கயிறும் இரண்டு ஜாக்கியும் என்னோடு வந்தன. மறுநாள், இதே தேதி, உன் அப்பனுக்குப் புது லேத் வந்து இறங்கியது. அண்ணன் வரட்டும் என்று ஒரு நாள் பொறுத்திருக்கலாம். லாரிக்காரன் அவசரப்படுத்தினான். பகவதி, "நான் எறக்குகேன் சித்தப்பா, அப்பா செய்யது எல்லாம் எனக்குத் தெரியும்லா" என்றான். பத்தொன்பது வயசு. என் ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள், தங்கப்பன், மாகீன், பாச்சு. சந்து வழியே சரியாகத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். முற்றத்தில் மழை ஈரம். ஒரு குழாய் மண்ணில் புதைந்தது. லேத் சரிந்து பகவதியின் இடுப்பை அடுக்களைப் படியோடு வைத்து அழுத்தியது.

உயிர் இருந்தது. பேச்சும் இருந்தது. ஜாக்கி இல்லை. ஒரே வழி, கடப்பாரையைக் கொடுத்து லேத்தை மறுபக்கம் புரட்டிவிடுவது. புரட்டினால் பெட் உடையும், ஹெட்ஸ்டாக் தெறிக்கும், பையன் வெளியே வருவான். தங்கப்பன் பாரையைக் கொடுத்தான். "புரட்டுங்கடே!" என்று உன் அப்பன்தான் முதலில் கை வைத்தான். ஆமாம், தாணுதான். இத்தனை வருஷம் நான் அவன்மேல் ஒரு சொல் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

அப்போது படியின் மேலிருந்து ஒரு குரல் வந்தது. "பொரட்டப்பிடாது. என் தாலிச்சங்கிலி வரைக்கும் அடகு வச்சு அதுலதான் கெடக்கு. ஒடஞ்சா நாங்க எதத் திங்கது? பைய ஜாக்கி கொண்டுவந்து தூக்குங்கோ. அவனுக்கு ஒண்ணும் ஆவாது."

உன் அப்பன் பாரையிலிருந்து கையை எடுத்தான்.

பாச்சு சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினான். ஒரு கடை பூட்டு. அடுத்த கடையில் ஜாக்கி இருந்தது, கைப்பிடி இல்லை. அவன் வந்து சேர முக்கால் மணி நேரம். அதுவரை பகவதி இரண்டு தரம் தண்ணீர் கேட்டிருக்கிறான். கொடுத்தார்கள். மூன்றாம் தரம் என்னைக் கேட்டிருக்கிறான். நான் அப்போது காயல் தண்ணீரில் கழுத்தளவு நின்று, முகம் தெரியாத மனுஷர்களுக்கு வேண்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

லேத்தில் ஒரு கீறல் விழவில்லை. உனக்குச் சோறு போட்டது. நல்லது.

நான்கு பேரிடமும் தனித்தனியே கேட்டேன். வருஷக்கணக்காக இடைவெளி விட்டுக் கேட்டேன். தங்கப்பனிடம் அவன் மகள் கல்யாணத்து அன்று. மாகீனிடம் சர்க்கரை வியாதியில் கால் எடுத்த பிறகு ஆஸ்பத்திரியில். பாச்சு கள்ளுக் குடித்து அழுதபோது. தாணுவிடம், அவன் குடும்பத்தோடு லாரியில் ஏறிய அன்றே, லேத்துக்குக் கயிறு முடிந்துகொண்டு. நான்கு பேர் சொன்னதிலும் அந்தப் படியில் நின்ற ஆளின் வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை.

லேத் அன்று சரிந்து நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கிறது. கோலால் நான் போட்ட கோடு அது. அது ஓடாது. வெளியேயும் போகாது. நீ வேண்டுமென்றால் போ, நீ இளையவள், கையில் தொழில் இருக்கிறது, சந்து உன் அளவுக்கு அகலம்தான். அம்மையை அதில் நாற்காலியோடு கொண்டுபோக முடியாது. என் வாசல் வழி அவளுக்கு இல்லை.

பாச்சு குடித்தே செத்தான். தங்கப்பன் தூக்கத்தில் போனான். மாகீன் மற்றக் காலும் எடுத்த பிறகு போனான். தாணு கொரோனாவில் போனான். அன்று அந்த முற்றத்தில் நின்றவர்களில் இப்போது உயிரோடு இருப்பது கோமதியம்மாள்.